வீட்டு இணையத்தின் அசல் வேகம்: நீங்களே அளந்து பார்க்கும் முறை

இந்த அத்தியாயத்தில் உள்ள வேலைகளை முடிக்கும்போது உங்கள் கையில் ஒரு தாள் இருக்கும். தேதி, நேரம், எந்தக் கருவி, வயரா வைஃபையா, எந்த சர்வர், பதிவிறக்கம், பதிவேற்றம், பிங் என்று அதில் எட்டுக் கட்டங்கள். அந்தத் தாள் இல்லாமல் வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் போட்டால், "மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தாள் இருந்தால் அவர்களால் அப்படி முடிக்க முடியாது.

கட்டிலில் சாய்ந்தபடி செல்பேசியில் ஒரு தடவை பார்த்த எண்ணை வைத்து இணைப்பை எடைபோட முடியாது. கம்பெனியின் லைன், உங்கள் மோடம், நடுவில் நிற்கும் சுவர், செல்பேசியின் ஆன்டெனா, எங்கோ இருக்கும் சர்வர் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணைத் தருகின்றன. இவற்றில் எது இழுக்கிறது என்பதைப் பிரித்து அளந்தால்தான் தெரியும். அதற்கு வரிசை முக்கியம்: முதலில் வயர், அடுத்து வைஃபை, அடுத்து இரவு நேரம், அடுத்து பாரம் ஏற்றி அளப்பது, கடைசியில் நீங்கள் அன்றாடம் செய்யும் வேலை. வரிசையை மாற்றினால் திரும்ப முதலிலிருந்துதான் வர வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டு வீடுகளில் இப்போது பரவலாக இருக்கும் ஃபைபர் இணைப்பை மனத்தில் வைத்தே இங்கே எழுதியிருக்கிறேன். சுவரோரம் வந்து சேரும் மெல்லிய இழை நுழைகிற பெட்டியை நாம் மோடம் என்கிறோம். லைன்மேன் அதை ஓஎன்டி அல்லது ஓஎன்யு என்பார். பெரும்பாலான வீடுகளில் வைஃபையும் அதே பெட்டியிலிருந்துதான் வரும்.

தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்றே ஒன்று

திட்டத்தின் வேகத்தை எம்பிபிஎஸ் என்று சொல்கிறார்கள். அது வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு. கோப்பு இறங்கும்போது திரையில் தெரிவதோ பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். எனவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் கோப்பு வினாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. நடைமுறையில் 11, 12 வந்தாலே முழு வேகம். "நூறுக்குப் பணம் கட்டுறேன், பதினொண்ணுதான் வருது" என்ற புகாரில் பாதி இந்தக் கணக்கிலேயே தீர்ந்துவிடும்.

பிங் என்பது ஒரு சிறு தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம், மில்லி வினாடியில். அது குறைவாக இருந்தால் நல்லது. ஜிட்டர் என்பது அந்த பிங் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவு. இந்த வேலைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

தயார் செய்துகொள்ள வேண்டியவை

- கிகாபிட் லேன் போர்ட் உள்ள ஒரு லேப்டாப். போர்ட்டே இல்லாத மெல்லிய லேப்டாப் என்றால் யூஎஸ்பி 3 வகை கிகாபிட் அடாப்டர்.
- இரண்டு மீட்டர் கேட் 5இ அல்லது கேட் 6 லேன் கேபிள். மோடத்தோடு இலவசமாக வந்த கேபிளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். காரணம் பின்னால் வருகிறது.
- 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பிடிக்கும் ஒரு செல்பேசி.
- தாள், பேனா. ஸ்க்ரீன்ஷாட்டும் எடுங்கள், ஆனால் தாளை விட்டுவிடாதீர்கள். இருபது ஸ்க்ரீன்ஷாட்டைப் புரட்டினாலும் தெரியாதது ஒரு பக்கத் தாளில் பளிச்சென்று தெரியும்.

தொடுவதற்கு முன்: பாதுகாப்பு

மோடத்தில் பச்சை நிற முனையோடு நுழைவதுதான் ஃபைபர். அதைக் கழற்ற வேண்டிய தேவை இந்த அத்தியாயத்தில் எங்குமே இல்லை. கழன்று கிடந்தால் அதன் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி. தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. முனையை விரலால் தொட்டாலும், சட்டையால் துடைத்தாலும் அழுக்கு ஒட்டி சிக்னல் குறையும். இழையைப் பீரோவுக்குப் பின்னால் மடித்துச் செருகுவதும், ஆணியில் சுருட்டி இறுக்கிக் கட்டுவதும் கூடாது.

இடி மின்னல் நேரத்தில் இந்த வேலையில் இறங்காதீர்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, உண்மைதான். ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுத்துக் கட்டிய கறுப்பு கேபிளில் தாங்குவதற்கென்று எஃகுக் கம்பி இருப்பது வழக்கம். மோடத்தின் அடாப்டர் மின்சார லைனில் இருக்கிறது. லேன் கேபிளோ முழுக்கச் செம்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வானம் இருண்டால் அடாப்டரையும் லேன் கேபிளையும் பிடுங்கி வைத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். மோடத்தின் பின்புறம் ரீசெட் என்று ஒரு சிறு துளை இருக்கும். அதில் குண்டூசி விடாதீர்கள். அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் செய்வது வேறு. ரீசெட் ஆனால் கம்பெனி ஏற்றி வைத்த அமைப்புகள் அழிந்து, லைன்மேன் வரும்வரை வீட்டில் இணையமே இல்லாமல் போகலாம்.

முதல் சுற்று: வயரில் அளப்பது

1. கம்பெனியின் செயலியைத் திறந்து, உங்கள் திட்டத்தின் வேகம், பதிவேற்ற வேகம், இந்த மாதம் செலவான டேட்டா மூன்றையும் தாளின் தலைப்பில் குறித்துக்கொள்ளுங்கள். 'அன்லிமிடெட்' என்ற திட்டத்திலும் எல்லை உண்டு. பல திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி. அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். எப்போது அளந்தாலும் 2, 4 என்று ஒரே குறைந்த எண்ணில் நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

2. மோடத்தை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். விளக்குகள் நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். பான் என்ற விளக்கு சிமிட்டாமல் எரிய வேண்டும். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை. அளப்பதை நிறுத்திவிட்டுப் புகார் கொடுங்கள்.

3. வீட்டில் மற்ற எல்லாரையும் இணையத்திலிருந்து இறக்குங்கள். மோடத்தின் வைஃபையைப் பத்து நிமிடம் அணைத்து வைப்பதே சுலபமான வழி. டிவி பெட்டி, சிசிடிவி கேமரா, மொட்டை மாடி ரிப்பீட்டர் என்று வயரில் இருப்பவற்றையும் கழற்றுங்கள். மறந்துபோவது பெரும்பாலும் கேமராவைத்தான். அது இரவும் பகலும் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும்.

4. லேப்டாப்பைச் சார்ஜரில் போடுங்கள். விபிஎன் இருந்தால் அணையுங்கள். விண்டோஸ் அப்டேட், ஒன்டிரைவ், கூகுள் போட்டோஸ் எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். லேப்டாப்பின் வைஃபையையும் அணைத்துவிடுங்கள். வயரைச் செருகிவிட்டு வைஃபையில் அளப்பவர்கள் ஏராளம்.

5. மோடத்திலிருந்து லேப்டாப்புக்கு நேராகக் கேபிளைப் போடுங்கள். மோடத்தில் நான்கு போர்ட் இருந்தாலும் சில மாடல்களில் ஒன்று மட்டுமே கிகாபிட். மற்றவை 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். 'ஜிஇ', 'எஃப்இ' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஜிஇ என்பதுதான் கிகாபிட்.

6. விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க், அதற்குள் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்து லிங்க் ஸ்பீடு என்ன என்று பாருங்கள். 1000 என்று இருக்க வேண்டும். 100 என்று இருந்தால் அடுத்த பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள்.

7. ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட்டை ஓட்டுங்கள். 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மேற்பட்ட திட்டம் என்றால் பிரவுசரில் ஓட்டாமல் அவர்களுடைய செயலியை நிறுவி ஓட்டுவது நல்லது. பழைய லேப்டாப்பில் பிரவுசரே மூச்சு வாங்கும்.

8. மூன்று தடவை ஓட்டி, நடுவில் வரும் எண்ணைக் குறியுங்கள். கூடுதலாக வந்ததை எழுதும் ஆசையையும், குறைவாக வந்ததை எழுதும் கோபத்தையும் தள்ளி வையுங்கள்.

94 என்று வந்தால்

தமிழ்நாட்டில் நிறைய வீடுகளில் இந்த எண்ணைப் பார்க்கலாம்: 93, 94, 95. திட்டம் 100 என்றால் இது முழு மதிப்பெண். தகவலோடு சேர்ந்து போகும் முகவரிப் பகுதிகள் ஐந்து ஆறு சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் திட்டம் 200 அல்லது 300 என்றிருந்தும் வயரில் 94-ஐத் தாண்டவில்லை என்றால், கம்பெனியைத் திட்டும் முன் கேபிளைக் கையில் எடுங்கள்.

அதன் முனையில் இருக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தங்க நிறப் பற்கள் எட்டு. ஒவ்வொரு பல்லுக்கும் கீழே ஒரு மெல்லிய வண்ணக் கம்பி வந்து முட்ட வேண்டும். பரவலாக இருக்கும் வரிசையில் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. விலை குறைந்த கேபிள்களில் நான்கே கம்பிதான் இருக்கும். மற்ற பற்களுக்குக் கீழே வெறும் பிளாஸ்டிக். நான்கு கம்பியில் 100-க்கு மேல் போக வழி கிடையாது. எட்டும் இருந்தாலும், கதவிடுக்கில் நசுங்கியோ எலி கடித்தோ ஒரு கம்பி போய்விட்டால் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணையம் ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கேபிளை மாற்றி, லிங்க் ஸ்பீடைத் திரும்பப் பாருங்கள். அப்போதும் 100 என்றால் மோடத்தின் போர்ட்டை மாற்றுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் லேப்டாப்பின் போர்ட்டோ அடாப்டரோதான் காரணம்.

மோடத்திலிருந்து தனி ரவுட்டர் போட்டிருந்தால், அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கேபிளுக்கும் இதே பரிசோதனை உண்டு.

சர்வரை மாற்றி அளப்பது

ஸ்பீட்டெஸ்ட் தானாகத் தேர்ந்தெடுப்பது பக்கத்தில் உள்ள சர்வரை. அது பல சமயம் உங்கள் கம்பெனியே தன் வளாகத்துக்குள் வைத்திருக்கும் சர்வராக இருக்கும். அதில் கிடைக்கும் எண், கம்பெனியின் வாசல்வரைக்கான வேகம். நீங்கள் பார்க்கும் படமும் பேசும் அழைப்பும் வாசலைத் தாண்டித்தான் போகின்றன. ஆகவே சர்வரை மாற்றும் பட்டனை அழுத்தி, இந்த வரிசையில் அளந்து எழுதுங்கள்:

1. உங்கள் கம்பெனியின் சர்வர், உங்கள் ஊரில் அல்லது சென்னையில்.
2. வேறொரு கம்பெனியின் சர்வர், அதே ஊரில்.
3. மும்பையில் ஒன்று.
4. சிங்கப்பூரில் ஒன்று.

தூரம் கூடினால் பிங் கூடுவது இயற்கை. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 1,000 கிலோமீட்டர் தூரம் போய்த் திரும்பவே 10 மில்லி வினாடி ஆகிவிடும். சென்னையையும் சிங்கப்பூரையும் கடலடியில் இணைக்கும் ஐ2ஐ கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். எனவே சிங்கப்பூருக்கு 30-க்குக் கீழே பிங் எதிர்பார்க்காதீர்கள். 35, 40 என்றால் நல்ல வழியில் போகிறது. சென்னையிலிருந்து 100-ஐத் தாண்டினால் சுற்றி வளைத்துப் போகிறது என்று பொருள்.

முதல் சர்வரில் 95 வந்து, இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 30, 40 என்று விழுந்தால் அது கவனிக்க வேண்டிய செய்தி. வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவில் கோளாறு இல்லை. கம்பெனி வெளியுலகோடு இணையும் இடத்தில்தான் நெருக்கடி. இதைப் புகாரில் எழுதினால், லைன்மேனை அனுப்பிக் கணக்கு முடிப்பது அவர்களுக்குக் கடினம்.

அளவுகோலையும் மாற்றிப் பாருங்கள். 2016-இல் வந்த ஃபாஸ்ட் டாட் காம், நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் சொந்த சர்வர்களிலிருந்தே அளக்கிறது. படம் பார்ப்பவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். எம்-லேப் என்ற அமைப்பின் என்டிடி சோதனை ஒரே ஒரு இணைப்பில் அளக்கும். ஊக்லா ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து அளக்கும். ஆகவே என்டிடியில் எண் குறைவாக வருவது கோளாறு ஆகாது. ஒற்றைக் கோப்பை இறக்கும்போது கிடைக்கும் வேகத்துக்கு அதுவே நெருக்கமானது. எம்-லேப் முடிவுகள் உங்கள் ஐபி முகவரியோடு சேர்த்துப் பொதுவில் வெளியிடப்படும் என்பதைத் தெரிந்துகொண்டு ஓட்டுங்கள்.

குறிப்பு: ஒவ்வொரு சோதனையும் டேட்டாவைத் தின்னும். 100 எம்பிபிஎஸ்ஸில் பத்து வினாடி பதிவிறக்கம் என்றால் 125 மெகாபைட். செல்பேசி ஹாட்ஸ்பாட்டில், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி திட்டத்தில் இந்தச் சோதனைகளை வரிசையாக ஓட்டினால் மதியத்துக்குள் டேட்டா தீர்ந்துவிடும்.

இரண்டாம் சுற்று: வைஃபையில் அளப்பது

வயரில் சரியான வேகம் வந்த பிறகே இதற்கு வாருங்கள். வயரிலேயே குறைவு என்றால் வைஃபையை நோண்டிப் பயனில்லை.

1. மோடத்தின் வைஃபையைத் திரும்பப் போட்டு, செல்பேசியில் எந்த அலைவரிசையில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வைஃபை செட்டிங்ஸில் நெட்வொர்க்கின் பெயரைத் தொட்டால் ஆண்ட்ராய்டில் 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் என்று தெரியும்.
2. மோடம் இருக்கும் அதே அறையில், அதிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, வயரில் அளந்த அதே சர்வரில் அளங்கள்.
3. அடுத்து ஹால், படுக்கையறை, சமையலறை, மாடி என்று நீங்கள் உண்மையில் உட்கார்ந்து வேலை செய்யும் இடங்களில் அளங்கள். கதவை வழக்கம்போல் மூடியோ திறந்தோ வையுங்கள். செல்பேசியை இரண்டு கையாலும் பொத்திப் பிடிக்காதீர்கள்.
4. ஒவ்வொரு இடத்திலும் மூன்று தடவை.

பக்கத்தில் நின்றே 40, 45 வருகிறதா? செல்பேசி 2.4-இல் மாட்டியிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பிச் சொல்லலாம். ஒற்றை ஆன்டெனா உள்ள செல்பேசி வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 2.4-இல் சேர்ந்தால் காகிதத்தில் எழுதியிருக்கும் இணைப்பு வேகமே 72 எம்பிபிஎஸ்தான். கைக்கு வருவது அதில் பாதிக்குச் சற்று மேல். நீங்கள் 500 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினாலும் அந்தச் செல்பேசியில் அதே 45-தான் வரும். திட்டத்தை உயர்த்தச் சொல்லி ஃபோன் வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் போவது ஒரு பக்கம், குறை இருப்பது இன்னொரு பக்கம்.

5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனம். இரண்டும் ஒரே பெயரில் இருந்தால், மோடத்தின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1, பிரவுசரில் போட்டு உள்ளே போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுக்கலாம். வைஃபை பக்கத்தோடு நின்றுகொள்ளுங்கள். வேன், விலேன், பிபிபிஓஇ என்ற பெயருள்ள பக்கங்களில் எதையும் மாற்றாதீர்கள். உள்ளே போனது போனீர்கள், நுழையும் பாஸ்வேர்டு இன்னும் ஸ்டிக்கரில் உள்ளதாகவே இருந்தால் அதை மட்டும் மாற்றி எழுதி வையுங்கள்.

மோடத்தின் இடமும் பெரிய காரணம். கேபிள்காரர் ஜன்னல் வழியே இழையை நுழைத்து, கைக்கு எட்டிய பரணிலோ டிவிக்குப் பின்னாலோ வைத்துவிட்டுப் போயிருப்பார். இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, மீன் தொட்டி, கான்கிரீட் தூண் எல்லாமே சிக்னலுக்குத் தடை. மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது 2.4 தடுமாறும். பெட்டியை வீட்டின் நடுவே, தலைக்கு மேலான உயரத்தில், திறந்த இடத்தில் வைத்துத் திரும்ப அளந்து பாருங்கள். இழையை நீட்ட வேண்டியிருந்தால் லைன்மேனிடமே சொல்லுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் 2.4-ஐத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால் சேனல் 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இவை மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை.

மூன்றாம் சுற்று: இரவு எட்டரைக்கு

காலை ஆறு மணிக்கு எல்லா இணைப்பும் நல்ல இணைப்புதான். ஜிபான் என்ற முறையில் ஓர் இழையில் கீழே வரும் மொத்தம் சுமார் 2.5 கிகாபிட். அதை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்வது வழக்கம். எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் படம் போடும் நேரத்தில்தான் லைனின் பலம் தெரியும்.

ஒரு வாரத்துக்கு, காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு எட்டரை, இரவு பத்து என்று நான்கு நேரம் அளங்கள். அதே லேப்டாப், அதே கேபிள், அதே சர்வர். ஒன்றை மாற்றினாலும் ஒப்பீடு பாழ். ஐபிஎல் ஆட்டம் உள்ள நாளைத் தாளில் தனியாகக் குறித்து வையுங்கள். வயரில் காலையில் 95, தினமும் இரவில் 40 என்று வந்தால், அது உங்கள் வீட்டுக் கோளாறு கிடையாது. மோடத்தை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் மாறாது.

நான்காம் சுற்று: பாரம் ஏற்றி அளப்பது

வேகம் 95 காட்டுகிறது, ஆனால் வீடியோ அழைப்பில் பேச்சு வெட்டி வெட்டி வருகிறது என்பவர்களுக்கு இந்தச் சுற்றுதான் பதில் சொல்லும்.

1. லேப்டாப்பை வயரிலேயே வையுங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து, ஆங்கில எழுத்தில் பிங், ஓர் இடைவெளி, சிறு கோடு ஒட்டி டி, ஓர் இடைவெளி, 8.8.8.8 என்று தட்டுங்கள். வரிசையாக எண்கள் ஓடத் தொடங்கும். 8.8.8.8 என்பது கூகுளின் பொது முகவரி.
2. ஒரு நிமிடம் பாருங்கள். உதாரணமாக 6, 7, 6, 8 என்று சீராகப் போகலாம்.
3. இப்போது செல்பேசியிலிருந்து ஒரு பெரிய வீடியோவைக் கூகுள் டிரைவுக்கு ஏற்றுங்கள். ஏறிக்கொண்டிருக்கும்போது லேப்டாப் திரையைப் பாருங்கள்.
4. கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினால், எத்தனை போயிற்று, எத்தனை தொலைந்தது என்ற கணக்கு கீழே வரும். அதையும் தாளில் எழுதுங்கள்.

எட்டில் இருந்த எண் இருபது, முப்பது ஆனால் கவலையில்லை. இருநூறு, முந்நூறு என்று ஏறினால் கோளாறு தெரிந்துவிட்டது. ரேஷன் கடையில் முன்னால் நிற்பவர் பத்து அட்டையோடு வந்துவிட்டால், ஒரு கிலோ சர்க்கரைக்கு வந்தவரும் அவர் முடிக்கும்வரை நிற்க வேண்டியதுதான். உங்கள் வீடியோ அழைப்பின் சிறு சிறு தகவல்கள் அப்படித்தான் போட்டோ பேக்கப்பின் பின்னால் நிற்கின்றன. இதற்குப் பெரிய திட்டம் வாங்குவதைவிட, போட்டோ பேக்கப்பை நள்ளிரவுக்கு மாற்றுவதும், ரவுட்டரில் க்யூஓஎஸ் என்ற வசதி இருந்தால் பதிவேற்றத்துக்கு வரம்பு வைப்பதும் பலன் தரும். ஊக்லா செயலியும் ஃபாஸ்ட் டாட் காமும் பாரத்தோடு கூடிய பிங்கைத் தனியாகக் காட்டுகின்றன. அதை யாரும் பார்ப்பதில்லை, நீங்கள் பாருங்கள்.

பாரம் இல்லாதபோதே வயரில் நூற்றுக்கு இரண்டு மூன்று தகவல் தொலைந்தால், அது லைன் கோளாறு. பிரவுசரில் திறக்கும் மோடத்தின் பக்கத்தில் ஆப்டிகல் அல்லது பான் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் ஆர்எக்ஸ் பவர் இருக்கிறதா பாருங்கள். அது மைனஸ் எண்ணாக இருக்கும். -15 முதல் -25 டிபிஎம் வரை கவலையில்லை. -27-ஐ நெருங்கினால் இழை எங்கோ மடங்கியிருக்கிறது அல்லது இணைப்பு முனையில் அழுக்கு. அந்த எண்ணை அப்படியே தாளில் எழுதுங்கள். லைன்மேன் மதிக்கும் எண் அதுதான்.

ஐந்தாம் சுற்று: உங்கள் சொந்த வேலை

சோதனைச் செயலிகளை மூடிவிட்டு, அன்றாட வேலையை அளப்போம்.

கோப்பு: உபுண்டு போன்ற இலவச இயங்குதளத்தின் நிறுவல் கோப்பு பல ஜிபி அளவுள்ளது. அதை இறக்கத் தொடங்கி, முதல் ஜிபிக்கு ஆகும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். 100 எம்பிபிஎஸ்ஸில் கணக்குப்படி 80 வினாடி. 90 வரை ஆனால் நல்லதே. பார்த்த பிறகு நிறுத்திவிடலாம். வினாடிக்கு 11 மெகாபைட் வந்தால் சரி. 3, 4 என்று நின்றால் வேறொரு தளத்திலிருந்தும் இறக்கிப் பாருங்கள். கோளாறு அந்த சர்வரிலும் இருக்கலாம்.

படம்: நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைப்பது முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15. டிவியில் தடுமாறினால் டிவியின் பிரவுசரில் ஃபாஸ்ட் டாட் காம் திறந்து அங்கேயே அளங்கள். பழைய டிவிகளின் லேன் போர்ட் 100-ஐத் தாண்டாது, ஆனால் படத்துக்கு அதுவே தாராளம். 30 இருந்தும் படம் நிற்கிறது என்றால் டிவியின் செயலியைத்தான் பார்க்க வேண்டும்.

அழைப்பு: வீட்டில் வழக்கம்போல் எல்லாரும் இணையத்தில் இருக்கும்போது, வெளியூரில் உள்ள ஒருவரோடு பத்து நிமிடம் வீடியோவில் பேசுங்கள். எந்த நிமிடத்தில் வெட்டியது என்று குறியுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

தாளை வைத்துக்கொண்டு புகார் செய்வது

வயரில் எல்லா நேரமும் சரி, வைஃபையில் மட்டும் குறைவு என்றால் புகார் வேண்டாம். பெட்டியின் இடத்தை மாற்றுங்கள், தேவைப்பட்டால் இன்னொரு ரவுட்டர் வாங்குங்கள். வயரிலேயே குறைவு என்றால் தயங்காதீர்கள்.

1. புகார் எண்ணைக் கம்பெனியின் பில்லில் இருந்தோ செயலியில் இருந்தோ மட்டும் எடுங்கள். கூகுளில் தேடிக் கிடைத்த எண்ணுக்கு அழைக்காதீர்கள். வாடிக்கையாளர் சேவை என்று நடித்து ஏமாற்றுபவர்கள் அங்கேதான் காத்திருக்கிறார்கள். எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொன்னால் அந்த நொடியே ஃபோனை வையுங்கள்.

2. இப்படிச் சொல்லுங்கள்: "என்னோடது 300 எம்பிபிஎஸ் திட்டம். கேட் 6 கேபிள்ல லேப்டாப்பை மோடத்துல நேரா போட்டு அளந்தேன். லிங்க் ஸ்பீடு 1000. காலைல 280 வருது, ஒரு வாரமா ராத்திரி எட்டரைக்கு 60-தான். டேட்டா லிமிட் தாண்டல." இதற்குமேல் மோடத்தை அணைத்துப் போடச் சொல்ல அவர்களுக்கு இடமில்லை.

3. புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத புகார் புகாரே ஆகாது.

4. லைன்மேன் வந்து செல்பேசியில் பார்த்துவிட்டு, "வைஃபைல அப்படித்தான் சார் வரும்" என்றால், "வயர்லயே போட்டுப் பாத்துடுங்கண்ணே, கேபிள் ரெடியா இருக்கு" என்று லேப்டாப்பை நீட்டுங்கள். வெயிலில் கம்பம் ஏறி வருபவரிடம் கோபம் காட்டிப் பயனில்லை, தாளைக் காட்டுங்கள். ஆர்எக்ஸ் பவரை வேலைக்கு முன்னும் பின்னும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

5. புகாரை முடித்து வைக்க ஓடிபி கேட்பார்கள். அதற்கு முன் அவர் கண்ணெதிரே மூன்று தடவை அளங்கள். இரவுநேரக் குறைபாடு என்றால் பகலில் சரியாக இருப்பது எதையும் நிரூபிக்காது. "ராத்திரி பாத்துட்டுச் சொல்றேண்ணே" என்று ஓடிபியை நிறுத்தி வைக்க உங்களுக்கு உரிமை உண்டு.

6. புகார் தீராமலே முடித்து வைக்கப்பட்டால், அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் இந்த ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும். மேல்முறையீட்டை 30 நாட்களுக்குள் செய்யுங்கள், கட்டணம் கிடையாது. டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை, ஆகவே இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். முதல் புகாரின் எண், ஒரு வாரத் தாளின் படம், லிங்க் ஸ்பீடு தெரியும் ஸ்க்ரீன்ஷாட், இரவு நேர சோதனை முடிவுகள் மூன்று. இவற்றை இணைத்து மின்னஞ்சலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.